வாய்க்கால் தாண்டி வரும் சாக்கு

வடபடுகை காலனி,
திருக்காட்டுப்பள்ளி வழி.
10.2.1985

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கமணி எழுதிக்கொள்வது. நான், அவர், பாப்பா மூவரும் சுகமாக இருக்கிறோம். உன் இடுப்பு வலி தேவலையா, மாமா தேங்காய் மண்டியில் மூட்டை தூக்குவதைக் குறைத்துக்கொண்டாரா என்று எழுது. நீ பொங்கலுக்குப் போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். பி.ஏ. படித்தவள் ஒரு கடிதத்துக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறாள் என்று மாமா கேலி செய்வது இங்கேயே கேட்கிறது.

பாப்பாவுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. நகர்கிறாள். கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குப் போகிறது. அவள் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நான் தூங்குவது. நீ இன்னும் அவளைப் பார்க்க வரவில்லை. என் கல்யாணத்துக்கும் கோயிலோடு வந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாய். ஒரு வாரமாவது வந்து இங்கே இரேன்.

சம்பா அறுப்பு பாதியில் நிற்கிறது. கூலி நெல் விஷயத்தில் பெரிய தெருக்காரர்களுக்கும் சங்கத்துக்கும் பேச்சு முறிந்துவிட்டது. வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கப் போகிறார்கள் என்கிறார்கள். இவர் பள்ளிக்கூட வாத்தியார்தான் என்றாலும் ஒரு கூட்டம் விடுவதில்லை.

அக்கா, உன்னிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். பெரிய தெருவில் நெல் சேர்த்து வைக்கிற வீடுகளில் எலிக்காகப் பூனை வளர்ப்பார்கள், உனக்குத் தெரியும். பூனையைக் கொன்றால் பொன்னால் பூனை செய்து தானம் கொடுத்தாலும் பாவம் தீராது என்பார்கள். அதனால் கொல்ல மாட்டார்கள். கண் திறக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டி, வாய்க்கால் தாண்டி நம் பக்கம் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்குமேல் அவை செத்தால் பாவம் நம்முடையது. போன வாரம் வந்த சாக்கை நான் அவிழ்ப்பதற்குள் மூன்று விறைத்துவிட்டன. மிச்சம் இரண்டையும் பாப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாய் கவ்விக்கொண்டு போயிற்று.

அப்படிச் சாக்கில் வந்து பிழைத்தது ஒன்று உண்டு. சாம்பல் நிறம். சாம்பலி என்று கூப்பிடுகிறோம். நம் வீட்டு வைக்கோல் போரில்தான் இருக்கிறது. இரண்டு வருஷமாக ஈன்றுகொண்டே இருக்கிறது. ஈன்றதில் ஒன்றுகூட வளர்ந்து நான் பார்க்கவில்லை. இப்போது மறுபடி வயிறு தள்ளிக்கொண்டு நடக்கிறது. முதுகெலும்பை எண்ணலாம். கல்லூரியில் விலங்கியல் படித்த தோழி ஒருத்தி சொல்வாள், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் குட்டி போடாது, உடம்பு தேறி நெடுநாள் வாழும் என்று. பட்டுக்கோட்டையில் உங்கள் மண்டிக்குப் பின்னால் மாட்டு டாக்டர் இருக்கிறாரே, அவர் பூனைக்கும் ஆபரேஷன் செய்வாரா என்று கேட்டு எழுது. சிரிக்காதே.

உன் அன்புத் தங்கை,
தங்கமணி


பட்டுக்கோட்டை
1.3.1985

தங்கமணிக்கு அக்கா அம்சம் எழுதுவது. கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்று படித்ததும் வயிறு குளிர்ந்தது. இங்கே நானும் மாமாவும் நலம். இடுப்பு வலி அப்படியேதான்.

பாப்பாவை ஈரத்தரையில் விடாதே. நகர்கிற பிள்ளைக்கு வாசலில் குறுக்கே பலகை வை. எதிரே வாய்க்கால் இருக்கிறது. தண்ணீர் இல்லாத நாளிலும் வை, அப்போதுதான் பழக்கம் வரும். ராத்திரி இருமினால் கற்பூரவல்லிச் சாறு இரண்டு சொட்டு போதும், அதிகம் கொடுக்காதே.

மாப்பிள்ளையைச் சங்கத்தில் முன்னால் போய் நிற்க வேண்டாம் என்று சொல். அரசாங்க வேலை.

கொப்பரை காய வைக்கிற சமயம். வெயிலில் நின்று நின்று கண் எரிகிறது. வர முடியாது. பூனை விஷயம் படித்தேன். மாமா எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அம்சம்


வடபடுகை காலனி
24.3.1985

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலமறிய ஆசை. பலகை வைத்துவிட்டேன். பாப்பா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிவிட்டாள், இப்போது அதுவே பயமாக இருக்கிறது.

பூனை விஷயம் படித்தேன் என்று ஒரு வரி எழுதினாய். டாக்டரிடம் கேட்டாயா இல்லையா என்று எழுதவில்லை. சாம்பலி மாசியிலேயே ஈன்றுவிட்டது. நான்கு. இரண்டை ஆண் பூனை கடித்துப் போட்டுவிட்டது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்குமாம்.

கைப்பம்பில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்களிடம் சொல்லிப் பார்த்தேன், காலனியில் இருக்கிற பெட்டைகளுக்கெல்லாம் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று. குடங்கள் அப்படியே நின்றன.

"மொதல்ல பூனைம்பாங்க. அப்பறம் நம்ம வாசலுக்கு லாரி வந்து நிக்கும்" என்றாள் ஒருத்தி.

பக்கத்து வீட்டுக் காத்தாயி என்னைப் பார்த்தே கேட்டாள்: "குட்டிய மூட்ட கட்டி விடுறது அவங்க பூன. எப்பப் பாத்தாலும் நம்ம பக்கந்தான் அறுக்கிறதா? பெரிய தெருவுல போயி மொதல்ல கேளு."

நான் பெரிய தெருவுக்கும் போனேன். கொல்லைப் பக்கமாக நிற்க வைத்துத்தான் பேசினார்கள். அந்த வீட்டம்மாள் சிரித்துக்கொண்டே, "கதிர அறுத்துக் கட்டுறதுக்கே கூலி ஏத்திக் கேக்குறீங்க, பூனைக்கு வேற நாங்க வைத்தியம் பாக்கணுமா" என்றாள். இவரிடம் சொன்னபோது, ஊரே அறுவடைக் கூலிக்கு அடித்துக்கொள்ளும்போது உனக்குப் பூனை கேட்கிறதா என்றார்.

எனக்குக் கேட்கிறது அக்கா. அது ஈனும்போது முனகுவது சுவர் வழியாகக் கேட்கிறது. தயவுசெய்து டாக்டரைக் கேள்.

தங்கமணி


பட்டுக்கோட்டை
2.4.1985

தங்கமணிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

டாக்டர் பெயர் ஜெக்கரியா. கேட்டேன். செய்வாராம். பட்டணத்தில் படிக்கும்போது நிறைய செய்திருக்கிறாராம். குட்டிகள் பால் மறந்த பிறகு கொண்டுவர வேண்டும், சினையாக இருக்கும்போது வேண்டாம். முதல் நாள் ராத்திரியிலிருந்து சோறு, பால் எதுவும் கூடாது. மயக்க ஊசி போடுவார். வயிற்றில் சின்னதாகத் தையல். பத்து நாள் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண் பூனைக்கு இன்னும் சுலபமாம். ஒரு பெட்டைக்குச் செய்தால் ஒரு வருஷத்தில் எத்தனை சாக்கு மிச்சம் என்று அவரே சொன்னார். நல்ல மனுஷன்.

வைகாசியில் கொண்டுவா. கைப்பம்பில் நின்று இந்தப் பேச்சு பேசாதே. அந்தப் பெண்களிடம் எதுவும் கேட்காதே. அவர்கள் சொன்னாலும் நீ காதில் வாங்காதே.

அம்சம்


வடபடுகை காலனி
12.5.1985

அக்கா,

இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பாப்பா நன்றாக இருக்கிறாள், அது போதும்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு சாக்கு வந்தது. இந்தத் தடவை ஆண்கள் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய தெருவில் ஒரு வீட்டு வாசலிலேயே அவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள். கூலிப் பேச்சில் இருந்த கோபமெல்லாம் அதில் சேர்ந்துகொண்டது. கட்டை எடுத்தார்கள். காத்தாயி மகனுக்குத் தலையில் எட்டுத் தையல். வந்த போலீஸ் நம் பக்கத்தில்தான் பெயர் எழுதிக்கொண்டு போனது.

சாயங்காலம் காத்தாயிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். ஆறுதலாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பூனைகளுக்கு ஆபரேஷன் செய்துவிட்டால் இந்தச் சண்டைக்கே இடமில்லை, அடுத்த மாதம் சாம்பலியை அக்காவிடம் கொண்டுபோகப் போகிறேன் என்று சொன்னேன்.

அவள் கஞ்சியை நகர்த்தி வைத்தாள். "ஒங்கக்காகிட்டயா? அதுக்கிட்டயா இதுக்குப் போற? ஒங்கக்கா வயித்த அறுத்துத்தானே ஒனக்கு இந்த மன வந்துச்சு. படிச்ச புள்ளக்கி அதுகூடத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்தது, நான் தஞ்சாவூர் ஹாஸ்டலில் இருந்தபோது உனக்கு வயிற்றில் ஏதோ கட்டி எடுத்தார்கள் என்பதுதான். அம்மா அப்படித்தான் சொன்னாள். அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. நான் யாரைக் கேட்பேன்? காத்தாயி வலியில் உளறினாள் என்று எழுது, நம்பிவிடுகிறேன்.

தங்கமணி


வடபடுகை காலனி
9.6.1985

அக்காவுக்கு,

நாலு வாரமாயிற்று. வழக்கமாக நான்தான் தாமதம் செய்வேன். மாமாவுக்கு உடம்பு சரியில்லையா? தபால்காரரைத் தினமும் நிறுத்திக் கேட்கிறேன். வேறு எதுவும் எழுத வேண்டாம். சுகம் என்று ஒரு கார்டு போடு.

தங்கமணி


பட்டுக்கோட்டை
20.6.1985

தங்கமணிக்கு அக்கா எழுதுவது.

மாமா சுகம். நானும் சுகம். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். காத்தாயி உளறவில்லை.

எமர்ஜென்சி வருஷம், ஐப்பசி. நான் வேதாரண்யத்துப் பக்கம் வாழப்போய் நாலு வருஷம். பையன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். சின்னவனுக்கு ஆறு மாதம். அப்போது நம் குடிசை பெரிய தெருக்காரர் நிலத்தின் ஓரத்தில் இருந்தது. கூலி கூட்டிக் கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பார்கள். இரண்டு தடவை பிரித்தும் போட்டார்கள். நீ சின்னப் பிள்ளை, மறந்திருப்பாய். அந்த வருஷம் மனைப்பட்டா கொடுப்பதாகச் சொன்னார்கள். நம் ஊர் முன்சீப், வீட்டுக்கு ஒரு ஆள் ஆபரேஷன் சீட்டைக் காட்டினால்தான் பெயர் எழுதுவேன் என்று உட்கார்ந்துகொண்டார். அப்பாவை லாரியில் ஏற்றிப் போனார்கள். வயசு போச்சு, உடம்பில் ரத்தமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு எல்லாம் நின்றுபோய் வருஷமாகியிருந்தது.

மறுநாள் காலையில் அம்மா என்னிடம் சொன்னாள்: "புள்ள பெத்த வயித்துல புண்ணு இருக்கான்னு பாக்குறாங்களாம். ஒரு எட்டு போயிட்டு வந்துரு. சின்னவன நான் வச்சிருக்கேன்."

ஆஸ்பத்திரி முகாமில் ஒரு தாளை நீட்டினார்கள். மற்றவர்கள் எல்லாம் கைநாட்டு. எனக்குக் கையெழுத்துத் தெரியும் என்பதில் ஒரு பெருமை. எட்டாவது வரை படித்தவள், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அழகாகக் கையெழுத்துப் போட்டேன். அம்மா சொல்லி அனுப்பியதை எதற்குப் படிப்பது? மயக்கம் தெளிந்தபோது வயிற்றில் தையல், உள்ளே கட்டி இருந்ததாம், எடுத்துவிட்டார்கள் என்றாள் அம்மா, நானும் நம்பினேன்.

அடுத்த ஐப்பசிக் கடைசியில் புயல். பையன்கள் இருவரும் போனது உனக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, மறுபடி உண்டாகவில்லையே என்று நாகப்பட்டினத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் வயிற்றைப் பார்த்துவிட்டு, "நீயே நிறுத்திட்டு வந்து என்னக் கேக்குறியேம்மா" என்றார். மாமா வெளியே உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து நேராக அம்மாவிடம் வந்தேன். அம்மா புது மனையில், புது வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைக் கீழே போடவில்லை. "மன வந்துச்சுல்ல" என்றாள். அதற்குப் பிறகு அந்த வாசலில் நான் கால் வைக்கவில்லை.

அம்மாவை நான் திட்டியதும் இல்லை. இப்போது கூலிக்குச் சண்டை நடக்கிறது, உங்களை யாரும் குடிசையைப் பிரி என்று சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் செய்தாள். என்னிடம் கேட்டிருக்கலாம்.

நீ அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை. இனி இதைப் பற்றி எழுதாதே.

அம்சம்


வடபடுகை காலனி
27.8.1985

அக்கா,

என்ன நலம் விசாரித்து எழுதுவது என்று தெரியவில்லை. உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். உன் கடிதத்தை இவரிடமும் காட்டவில்லை.

அதன் பிறகு ஆபரேஷன் என்கிற சொல்லை எடுக்கவே எனக்கு நாக்குக் கூசியது. சாம்பலியை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு பூனையைக்கூட அதற்குத் தூக்கிக்கொண்டு போக எனக்கு என்ன யோக்கியதை என்று இருந்தது. அது ஆடியில் மறுபடி ஈன்றது. மூன்று.

போன சனிக்கிழமை நான் அடுப்பில் இருந்தேன். பாப்பா பலகையைத் தாண்டிப் போய் வைக்கோலுக்குள் கையை விட்டிருக்கிறாள். சாம்பலி தோளிலிருந்து முழங்கை வரை கீறிவிட்டது. அவள் கத்தியதில் இவர் வெளியே வந்தார். ஒரு சாக்கை எடுத்தார். மூன்று குட்டிகளையும் போட்டார். வாயைக் கட்டினார். வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது. இவர்தான், அக்கா. காத்தாயி மகன் மண்டை உடைந்த பிறகு அந்தச் சாக்குகளுக்காகச் சங்கத்தில் எழுந்து பேசியவர். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது, அந்த நிமிஷம் எனக்கு அவை சாகட்டும் என்றுதான் இருந்தது.

இவர் கையைக் கழுவிக்கொண்டு, "பெரிய தெருக்காரனுக்குப் பாவத்தப் போட நாம இருக்கோம். நமக்கு யாரு இருக்கா?" என்றார். பிறகு சாப்பிட்டார்.

பாப்பாவுக்கு ஊசி போட்டாயிற்று. புண் ஆறுகிறது. சாம்பலி கரையோரம் மேலும் கீழும் நடந்து கத்துகிறது. மடி கட்டிப்போய்க் கல்லாக இருக்கிறது. இந்த மனையில் கால் பதிக்கும்போதெல்லாம் உன் நினைவு. பட்டாவை உன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு எங்காவது வாடகைக்குப் போய்விடலாம் என்று இவரிடம் சொல்லப் போகிறேன்.

தங்கமணி


பட்டுக்கோட்டை
30.8.1985

தங்கமணி,

பாப்பாவின் புண்ணில் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள்.

பட்டாவை என் பெயருக்கு மாற்றி நான் என்ன செய்ய? அங்கே வந்து படுக்கவா? மனையை விட்டு நீ கிளம்பினால் எனக்குப் போனது இரண்டாம் தடவை போகும். பேசாமல் இரு.

எனக்காக நிறுத்தினேன் என்று எழுதாதே. அந்த மூன்றையும் என் தலையில் வைக்காதே. எனக்குச் செய்தது வேறு, இது வேறு. எனக்கு வாய் இருந்தது. என்னிடம் கேட்டிருந்தால், அப்பா அம்மா நிலைமையைப் பார்த்து ஒருவேளை நானே சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. பூனையிடம் கேட்க முடியாது. அதனால் அதற்கு நாம்தான் யோசிக்க வேண்டும். யோசித்தால் அதன் உடம்புக்கு, அதன் பிள்ளைகள் படுகிற பாட்டுக்கு யோசிக்க வேண்டும். எவன் பட்டாவுக்கும் இல்லை, எவன் சீட்டுக்கும் இல்லை. பி.ஏ. படித்தவளுக்கு இந்த வித்தியாசம் நானா சொல்ல வேண்டும்?

டாக்டரிடம் இன்று காலை போனேன். குட்டி போன பெட்டை பத்துப் பதினைந்து நாளில் மறுபடி சினையாகிவிடும், உடனே கொண்டுவரச் சொல் என்றார். வருகிற ஞாயிறு ராத்திரி அதற்குச் சோறு வைக்காதே. மூடி போட்ட கூடையில் வை, மேலே ஈரத்துணி போடு. கண்டக்டர் கேட்டால் கோழி என்று சொல். திங்கட்கிழமை முதல் பஸ். நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வா.

அம்சம்


வடபடுகை காலனி
18.9.1985

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவும் நானும் சௌக்கியம். இடுப்பு வலியோடு அவளை நீ அவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்க வேண்டாம். இங்கே வந்தும் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

இவரும் நானும் அளவாகப் பேசிக்கொள்கிறோம். சாம்பலிக்கு என்ன ஆயிற்று என்று இவர் கேட்கவில்லை. கேட்காமலே வைக்கோல் போர் பக்கம் பார்த்துவிட்டுப் போகிறார்.

டாக்டரின் மேஜை ஓரத்தில் நின்றுகொண்டு நீ அதன் முன்னங்கால்களைப் பிடித்திருந்தது எனக்கு நினைவில் வந்துகொண்டே இருக்கிறது. ஊசி ஏறியதும் கண்ணைத் திறந்தபடியே அது துவண்டுபோனதே, அப்போது உன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று காத்தாயி அவள் வீட்டு மஞ்சள் பெட்டையைப் புடவை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். "ஒங்கக்காவே பூனையப் புடிச்சுக்கிச்சாமே. அப்ப எனக்கும் ஒண்ணும் இல்ல. எப்ப பஸ்ஸு?" என்றாள். அவ்வளவுதான். மற்றவர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் ஓரம் ஒரு சாக்கு கிடந்தது. அவிழ்த்தேன். ஐந்து. இரண்டுக்கு மூச்சு இருந்தது. பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்ததில் ஒன்று நேற்றுப் போய்விட்டது. பெரிய தெருவில் ஒரு பெட்டைக்காவது செய்யாமல் இது நிற்காது. மறுபடி போய்க் கேட்கப் போகிறேன், கொல்லைப் பக்கம் நிற்க வைத்தாலும் சரி.

சாம்பலி எப்படி இருக்கிறது? தையல் ஆறியதா? எப்போது வந்து கூட்டிக்கொள்ளட்டும்?

உன் தங்கை,
தங்கமணி


பட்டுக்கோட்டை
22.9.1985

தங்கமணிக்கு அக்கா எழுதுவது. மாமா சுகம், நான் சுகம். பாப்பாவுக்குத் திருஷ்டி சுற்றிப் போடு.

தையலைப் போன வாரமே டாக்டர் பிரித்துவிட்டார். நன்றாக ஆறியிருக்கிறது. கருவாட்டுத் துண்டு போட்ட சோறு இரண்டு வேளையும் தின்கிறது. முதுகில் சதை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. வருகிற ஞாயிறு மாமா கூடையில் கொண்டுவந்து திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் கொடுப்பார். காத்தாயியின் பெட்டையை அவரிடம் கொடுத்தனுப்பு. நான் வரவில்லை. ஏன் என்று கேட்காதே.

ராத்திரியில்தான் கஷ்டம். பால் இன்னும் முழுசாக வற்றவில்லை. மண்டிக் கொட்டகையில் கொப்பரைச் சாக்குகளை அடுக்கி வைத்திருக்கிறோம் இல்லையா, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிறது. முகர்ந்துவிட்டுக் கூப்பிடுகிறது. பதில் வருகிறதா என்று காதைத் திருப்பி வைத்துக் கேட்கிறது. அப்புறம் அடுத்த சாக்கு. மாமா தாங்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

முந்தாநாள் நான் விளக்கை எடுத்துக்கொண்டு போய் அதன் எதிரே தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன். "குட்டிங்க இல்ல. வாய்க்காலோட போச்சு. இனிமே ஒனக்கு வராது. வயித்துல எடுத்தாச்சு. நாந்தான் எடுக்கச் சொன்னேன். ஒன் கால நாந்தான் புடிச்சேன்."

அதற்குப் புரியாது என்று எனக்குத் தெரியும். நீ சிரித்தாலும் சிரி. ஆனால் செய்தவள் எதிரே வந்து உட்கார்ந்து, செய்தது நான்தான் என்று சொல்ல வேண்டும் அல்லவா?

சொல்லி முடிக்கிற வரைக்கும் அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, விட்ட இடத்திலிருந்து அடுத்த சாக்கை முகரப் போய்விட்டது.

அம்சம்